தங்கை சாப்பிட மறுக்கிறாள். வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கேள்வி, 9 ஜூன் 2025

எங்களுக்கு ஒரத்தநாட்டுப் பக்கம். தங்கைக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ முடித்திருக்கிறாள். தை மாதம் செவ்வாய், வெள்ளி விரதம் என்று ஆரம்பித்தாள். இப்போது வாரத்தில் எந்த நாள் விரதம் இல்லை என்று எங்களுக்கே தெரியவில்லை. கேட்டால் வயிறு மந்தமாக இருக்கிறது, சோறு இறங்கவில்லை என்கிறாள். கன்னத்தில் இரண்டு விட்டால் தன்னால் சாப்பிடுவாள் என்கிறார் அப்பா. நண்பன் ஒருவன் இது அனோரெக்சியாவாக, அதாவது சாப்பாட்டையே ஒதுக்க வைக்கும் ஒரு மனநோயாக, இருக்கலாம் என்கிறான். அது பட்டணத்துப் பணக்கார வீட்டு வியாதி இல்லையா? நடவு, அறுப்பு என்று இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எப்படி வரும்?

9 ஜூன், இரவு

வரும் தம்பி. எங்கள் வீட்டில் வந்தது.

பாபநாசம் வட்டத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் நிலம், மாமனார், மாமியார், இரண்டு பெண்கள். நான் அங்கன்வாடிப் பணியாளர். ஊர்க் குழந்தைகளுக்கு மாதாமாதம் எடை பார்த்து எழுதுவது என் வேலை. என் மூத்தவளுக்குப் பதினாறாம் வயதில் இது பிடித்தது. இன்று தேறி வருகிறாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். அடித்தால் சாப்பிடாமல் இருப்பதை இன்னும் நன்றாக ஒளிக்கப் பழகுவாள், அவ்வளவுதான் நடக்கும். இது பிடிவாதம் இல்லை. மனநோய்களில் அதிகம் உயிர் குடிப்பவற்றில் ஒன்று. சில உயிர்கள் இதயம் நின்று போகின்றன, சில தற்கொலையால் போகின்றன. அதனால் இரண்டு பக்கமும் கண் வைக்க வேண்டும்.

நாளைக்கே ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள்: நாடித் துடிப்பு, படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் ரத்த அழுத்தம், இசிஜி, ரத்தத்தில் சர்க்கரை, பொட்டாசியம், பாஸ்பேட், மெக்னீசியம். விழித்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்குக் கீழே இருந்தாலும், மயங்கி விழுந்தாலும், நெஞ்சு வலித்தாலும், தண்ணீரைக்கூட மறுத்தாலும், செத்துப்போகலாம் என்று வாயில் வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டால் உடனே நிம்மதி அடையாதீர்கள். உடம்பு கடைசி வரை கணக்கைச் சரிக்கட்டிக் காட்டும்.

இங்கே எழுதும் எல்லோரிடமும் ஒரு வேண்டுகோள். கிலோ கணக்கு, எத்தனை இட்லி, எத்தனை நாள் பட்டினி என்று யாரும் எழுத வேண்டாம். இதே நோயில் இருக்கும் பிள்ளைகளும் படிப்பார்கள். அந்த எண்கள் அவர்களுக்குப் போட்டியாகிவிடும்.

10 ஜூன்

காலையில் இதை எழுதாமல் வேலைக்குப் போக மனம் வரவில்லை. ரொம்ப நாள் சரியாகச் சாப்பிடாத பிள்ளை ஒரு நாள் மனம் மாறிச் சாப்பிடுகிறேன் என்றால், ஆசையில் விருந்து வைத்துவிடாதீர்கள். காய்ந்து வெடித்த வாய்க்காலில் ஒரேயடியாகத் தண்ணீரைத் திறந்தால் கரை உடையும் இல்லையா, அப்படித்தான். திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் ஏறும். ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் எல்லாம் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளப்படும். இதயமும் மூச்சும் அதனால் நின்றுபோகலாம். இரண்டாம் உலகப்போர் முடிந்து விடுதலையான பட்டினிக் கைதிகளில் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகுதான் செத்தார்கள். அதனால் முதல் நாட்களில் எவ்வளவு, எத்தனை வேளை என்பதை டாக்டர் சொல்லட்டும். ரத்தப் பரிசோதனையும் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள்.

12 ஜூன்

மேட்டூர் திறந்துவிட்டார்கள், வீட்டில் ஆண்கள் எல்லாம் குறுவைப் பேச்சில். எனக்கு எழுதக் கொஞ்சம் நேரம் கிடைத்தது.

பணக்கார வீட்டு வியாதி என்பதற்கு வருகிறேன். கீழே ஒரு அண்ணன் எல்லாம் இன்ஸ்டாகிராம் பண்ணிய வேலை என்று எழுதியிருக்கிறார். லண்டனில் வில்லியம் கல், பாரிசில் லாசேக் என்று இரண்டு டாக்டர்கள் 1873இலேயே இந்த நோயை விவரித்துவிட்டார்கள். அப்போது செல்போன் ஏது. செல்போன் எண்ணெய் ஊற்றுகிறது, மறுக்கவில்லை. என் மகளின் கைப்பேசியிலும் ஒல்லி இடுப்பு வீடியோக்கள் வரிசையாக வந்தன. ஆனால் அதுவே காரணம் என்று பிடித்துக்கொண்டால், கைப்பேசியைப் பிடுங்கியதோடு வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடுவோம். பரம்பரைக்கும் பங்கு இருக்கிறது. எதையும் பிசகில்லாமல் செய்ய நினைக்கும் சுபாவத்துக்குப் பங்கு இருக்கிறது. வகுப்பில் முதலாவதாக வரும் பிள்ளை, கோலத்தில் ஒரு புள்ளி தள்ளிப்போனால் அழித்துவிட்டு முதலிலிருந்து போடும் பிள்ளை. என் மகள் அப்படி.

எங்கள் பக்கத்தில் இது வரும் வழியே வேறு. குண்டாக இருக்கிறேன் என்று என் மகள் முதலில் ஒரு நாளும் சொல்லவில்லை. வயிறு உப்புசம், நெஞ்சைக் கரிக்கிறது, இறங்கவில்லை. இதுதான் பேச்சு. கும்பகோணத்தில் வயிற்று டாக்டர், அவர் மருந்து கேட்காமல் இன்னொருவர், குழாய் விட்டுப் பார்த்தது, பூச்சி மருந்து, அப்புறம் மாதவிலக்கு நின்றதற்கு வேறொரு டாக்டர். வரவழைக்க மாத்திரை கொடுத்தார். வந்தது. சரியாகிவிட்டது என்று நாங்களும் நம்பினோம். சாப்பிடுகிறாயா என்று அவளை யாரும் தனியாக உட்கார வைத்துக் கேட்கவே இல்லை. ஹாங்காங்கில் சிங் லீ என்ற மனநல மருத்துவர் 1993இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 70 அனோரெக்சியா நோயாளிகள். அதில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பருமனைப் பற்றிய பயமே இல்லை, வயிறு உப்புசம், பசி இல்லை என்றுதான் சொன்னார்கள். எங்கள் மனநல மருத்துவர் இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நம் வீட்டுக் கதையை எவரோ முப்பது வருடம் முன்பே எழுதியிருக்கிறாரே என்றார்.

உங்கள் தங்கை வயிறு மந்தம் என்பது பொய்யில்லை, தம்பி. பட்டினி கிடந்தால் வயிறு காலியாகும் வேகமே குறைந்துவிடும். இரண்டு வாய்க்கே நிறைந்த மாதிரி இருக்கும். அதற்கும் மருந்து ஒழுங்காகச் சாப்பிடுவதுதான்.

15 ஜூன்

நேற்று நீங்கள் எழுதியது: 'அவள் சாப்பிடுவதில்லை, ஆனால் சமையலறையை விட்டு நகருவதில்லை, எங்கள் எல்லோருக்கும் விதவிதமாகச் செய்து போடுகிறாள், அப்படியென்றால் இது எப்படி அந்த நோயாகும்?'

அதுதான் அந்த நோய். 1944, 45இல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனை செய்தார். போரால் பட்டினி கிடப்பவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காக. நல்ல உடம்பும் மனமும் உள்ள 36 இளைஞர்கள் தாங்களாகவே முன்வந்தார்கள். 24 வாரம் அரைப் பட்டினி. அந்த ஆண்கள் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். தட்டில் இருப்பதைத் துணுக்குத் துணுக்காக்கி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். காப்பியாகக் குடித்துத் தள்ளினார்கள். குளிரில் நடுங்கினார்கள், சிடுசிடுத்தார்கள், கூட்டத்தை ஒதுக்கினார்கள். சோதனை முடிந்த பிறகும் பல மாதம் அடங்காத பசி. இவர்கள் யாருக்கும் மனநோய் கிடையாது. பட்டினி ஒன்றே இத்தனையும் செய்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் என் மகளை எனக்குப் புரிந்தது. ஒரு இட்லியை அவள் புளியங்கொட்டை அளவுக்குப் பிய்த்துப் பரப்பி வைப்பாள். யூடியூபில் பாதி ராத்திரிக்கு அசோகா அல்வா கிண்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சித்திரை வெயிலில் ஸ்வெட்டர். தங்கையிடம் எரிந்து விழுவாள். குணம் கெட்டுவிட்டது என்று மாமியார் அழுவார். குணம் எங்கேயும் போகவில்லை. சாப்பாடு ஏற ஏற, பழைய பிள்ளை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். அதனால்தான் சொல்கிறேன், முதலில் மனசைச் சரி செய்வோம், அப்புறம் சாப்பாடு தன்னால் வரும் என்று காத்திருக்காதீர்கள். பட்டினியில் இருக்கும் மூளையிடம் எந்த நல்ல வார்த்தையும் ஏறாது.

22 ஜூன்

மயிலாடுதுறைச் சகோதரி ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். பதினேழு வயதுப் பெண்ணை உட்கார வைத்துச் சாப்பிட வைப்பது அவள் உரிமையைப் பறிப்பது என்று. அவர் மனசு எனக்குப் புரிகிறது. நானும் அந்தச் சங்கடத்தோடுதான் தொடங்கினேன். பெண் பிள்ளைகளின் தட்டையும் உடம்பையும் ஆயிரம் பேர் அதிகாரம் பண்ணுகிற ஊர் இது. இன்னொரு அதிகாரமாக நான் இருக்க விரும்பவில்லை.

ஆனால் என் மகள் தன் விருப்பப்படி பட்டினி கிடக்கவில்லை, சகோதரி. சாப்பிட வேண்டும் என்று அவளே ராத்திரி அழுதிருக்கிறாள். தட்டைப் பார்த்ததும் கை வராது. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான ஒரு முறை இருக்கிறது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கு, அதிலும் நோய் வந்து அதிக வருடம் ஆகாதவர்களுக்கு, நன்றாகப் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டியது இதுதான். முதல் கட்டத்தில் என்ன, எவ்வளவு, எப்போது என்பதைப் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். உடம்பு தேறியதும் ஒவ்வொன்றாகப் பிள்ளை கையில் திருப்பிக் கொடுக்கிறார்கள். கடைசியில் படிப்பு, சிநேகம், அந்த வயதுக்குரிய மற்ற விஷயங்கள். யார் மேலும் பழி போடுவதில்லை. நோயைத் தனியாகவும் பிள்ளையைத் தனியாகவும் பார்க்கிறார்கள். திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்துக்கொள்வது என்பதால்தான் நான் இதை ஏற்றுக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் நடந்த விதம் இது. மூன்று வேளை, இடையில் பதினொரு மணிக்கும் மாலையிலும் ஏதாவது, படுக்கும் முன் பால். தட்டு போடுவது நான். அவள் சமையலறைக்குள் வரக் கூடாது, பரிமாறும்போது பேரம் பேசக் கூடாது. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகக் கூடாது. அதற்கு முன்னால் திடீரென்று காக்காய்க்குச் சோறு வைப்பதில் அவளுக்கு அத்தனை பக்தி வந்திருந்தது. முதல் பிடி, இரண்டாம் பிடி, மூன்றாம் பிடி. காக்காய்க்கு வைக்கும் வேலையை மாமனார் எடுத்துக்கொண்டார்.

யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிட வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் அது பறக்கும் படை மாதிரி ஆகிவிடும். சாப்பாட்டைப் பற்றிப் பேச்சே கிடையாது. நெய் ஏன் இவ்வளவு என்று கேட்டால் நெய்யின் நன்மைகளை விளக்க உட்காராதீர்கள், அங்கே நோய் வழக்கறிஞர் மாதிரி வாதாடும், நீங்கள் ஜெயிக்க முடியாது. நான் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: 'பயமா இருக்குன்னு தெரியும்மா. நான் இங்கயே இருக்கேன். அடுத்த வாய் எடுத்துக்கோ.' திரும்பத் திரும்ப, குரலை உயர்த்தாமல். தட்டை எறிந்த நாளும் உண்டு. துடைத்துவிட்டு இன்னொரு தட்டு போட்டேன்.

வேறு பேச்சு வேண்டுமே என்று ஊர்ப்பெயர் விளையாட்டு ஆரம்பித்தோம். கடைசி எழுத்தில் அடுத்த ஊர். நம் டெல்டாவில் பாதி ஊர் 'ம்' என்றுதான் முடிகிறது. கும்பகோணம், மாயவரம், பாபநாசம், நீடாமங்கலம். மன்னார்குடி, மணல்மேடு, மெலட்டூர், முத்துப்பேட்டை, மதுக்கூர் எல்லாம் தீர்ந்து போய் மாமனார் திணறிக்கொண்டிருந்தபோது மாமியார், 'மாமியார் வீடு' என்றார். அவள் அன்றைக்கு வாய்விட்டுச் சிரித்தாள். எத்தனை மாதம் கழித்து என்று எங்களுக்குத்தான் தெரியும்.

6 ஜூலை

சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் தனியாகக் குளியலறைக்கு விட வேண்டாம் என்று போன வாரம் ஒருவருக்குப் பதில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு உங்களில் சிலர் கதவைப் பூட்டி வைப்பதாக எழுதுகிறீர்கள். அப்படி இல்லை. சாப்பாட்டுக்கு முன்பே போய்விட்டு வரச் சொல்லுங்கள். அப்புறம் கூடவே இருங்கள். தலை வாரிவிடுவது, பூக் கட்டுவது, தாயம், சீரியல், எதுவானாலும். வாந்தி எடுக்க வேண்டும், நடக்க வேண்டும் என்று மனம் பிடித்துத் தள்ளுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான் அதிகம். அதைத் தனியாகக் கடக்க வேண்டியதில்லை என்பதுதான் விஷயம்.

எடை பற்றி. வீட்டில் எடை இயந்திரம் இருந்தால் எடுத்துவிடுங்கள். டாக்டரிடம் போகும்போது திரும்பி நின்று எடை பார்க்கட்டும், எண் அவளுக்குத் தெரிய வேண்டாம். போவதற்கு முன் தண்ணீரைக் குடித்து நிரப்பிக்கொள்வது உண்டு, அதனால் நாங்கள் காலையில் சிறுநீர் கழித்த பிறகே பார்த்தோம். நான் எடை பார்ப்பதையே வேலையாகக் கொண்டவள். குழந்தைக்கு எடை ஏறினால் தாய்க்கு வரும் சந்தோஷம் தெரியும். அந்தச் சந்தோஷத்தை இவள் முன்னால் முகத்தில் காட்டக் கூடாது என்பதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

3 ஆகஸ்ட்

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில் கூட்டம். சித்ரான்னம் எல்லாம் கட்டிக்கொண்டு போனோம். புளியோதரையும் தேங்காய்ச் சோறும் என் மகள் சாப்பிட்டாள். தயிர்ச்சோற்றை மறுத்தாள், வீட்டுக்கு வந்ததும் பாலாகக் குடித்துவிடலாம் என்று விட்டுவிட்டேன்.

தூரத்து உறவு அத்தை ஒருவர் அவள் கன்னத்தைப் பிடித்து, 'இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கே, நல்லா சதை போட்டிருக்கு' என்றார். வாழ்த்துதான். அன்று இரவுச் சாப்பாடு இரண்டு மணி நேரம் இழுத்தது.

அதனால் கல்யாணம், கோயில் என்று கூட்டத்துக்குப் போகும் முன் ஒரு ஆளை நியமித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது என் நாத்தனார். முன்கூட்டியே நாலு பேருக்குப் போன் போட்டு, 'பிள்ளைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்து தேறுகிறாள், உடம்பைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம், இளைச்சிருக்கே என்றும் வேண்டாம், தேறிட்டே என்றும் வேண்டாம், படிப்பைக் கேளுங்கள்' என்று சொல்லிவிடுவார். கேட்காமல் பேசுகிறவர்களிடம் அவரே பேச்சை மாற்றிவிடுவார். நோயின் பெயரைச் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள். அது பிள்ளை முடிவு செய்ய வேண்டியது. கல்யாண வயதில் இதெல்லாம் வெளியே தெரியலாமா என்று மாமனாருக்குக் கவலை இருந்தது. அவளுக்கு நாங்கள் வெட்கப்படவில்லை என்று தெரிவதுதான் அன்றைக்கு முக்கியமாகப் பட்டது. வரன் எல்லாம் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

24 ஆகஸ்ட்

திருவாரூர் அன்பருக்கு. உங்கள் மனைவி மெலியவில்லை, நன்றாகச் சாப்பிடுகிறார், ஆனால் இரவில் யாருக்கும் தெரியாமல் நிறையச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறார் என்கிறீர்கள். அதற்கு புலிமியா என்று பெயர். 1979இல் லண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரஸல் தனி நோயாக விவரித்தார். பார்த்தால் தெரியாது என்பதால் வருடக்கணக்கில் மறைந்து கிடக்கும். கன்னத்தடி வீக்கம், பல் கூச்சம், விரல் மூட்டில் காய்ப்பு என்று சில அடையாளங்கள். பல் டாக்டர்தான் முதலில் கண்டுபிடிப்பதும் உண்டு. வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்க வேண்டாம், அமிலத்தோடு சேர்த்துத் தேய்த்தால் எனாமல் போகும். தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள்.

நாட்டு மருந்துக் கடையில் நிலாவரைப் பொடி வாங்குகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பேதி மருந்து. அதனால் கொழுப்பு போகாது, தண்ணீரும் உப்பும்தான் போகும். வாந்தியும் பேதியும் சேர்ந்தால் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பு தாறுமாறாகும். இளநீர் கொடுத்தால் போதும் என்று விடாதீர்கள், ரத்தம் பார்க்க வேண்டும்.

பெரியவர்களுக்கு நான் சொன்ன தட்டு போடும் முறை அப்படியே பொருந்தாது. அவர் உங்கள் மகள் இல்லை. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் உளச்சிகிச்சை அவர்களுக்கு நன்றாக உதவுகிறது, ஃப்ளூவோக்ஸெடின் என்ற மாத்திரையும் புலிமியாவுக்குக் கொடுப்பார்கள், மனநல மருத்துவர் முடிவு செய்வார். உங்கள் வேலை, திருடியைப் பிடித்த மாதிரி பேசாமல் இருப்பது. 'ராத்திரி நீ கஷ்டப்படுறது எனக்குத் தெரியும், டாக்டர்கிட்ட நானும் கூட வர்றேன்' என்று ஆரம்பியுங்கள். அவர் மறுத்தால் ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி.

20 செப்டம்பர்

புரட்டாசிச் சனிக்கிழமை, நாலைந்து பேர் ஒரே கேள்வி. விரதம் இருக்க விடலாமா?

கூடாது. உடம்பு தேறி டாக்டர் சொல்லும் வரை எந்த விரதமும் கூடாது. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. என் மகளின் விரதத்தைப் பக்தி என்று ஊரே மெச்சியது. கார்த்திகை சோமவாரம், பிரதோஷம், சஷ்டி. சுவாமிமலைக்கு வெறும் வயிற்றோடு ஏறினாள். இந்த வயதில் இப்படி ஒரு பிள்ளையா என்றார்கள். நோய்க்கு இதைவிட நல்ல ஒளிவிடம் கிடைக்காது. பட்டினிக்குக் கிடைக்கும் மரியாதை நம் ஊரில் பசிக்குக் கிடைப்பதில்லை.

மாமியாரோடு சண்டை போடாமல் இதை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்து, எங்கள் கோயில் குருக்களிடமே போனேன். நோயாளிக்கும் குழந்தைக்கும் வயதானவர்களுக்கும் விரதம் கிடையாது என்று அவரே அவளிடம் சொன்னார். மாலையில் விளக்கு போடு, திருப்புகழ் பாடு, முருகன் கோபிக்க மாட்டான் என்றார். நாகூரிலிருந்து எழுதும் அக்கா, ரமலான் நோன்பிலும் நோயாளிகளுக்கு விலக்கு இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வேளாங்கண்ணிப் பக்கத்துக்காரர் பங்குத்தந்தையிடம் கேளுங்கள், அங்கேயும் அப்படித்தான். மாமியார் வைத்தீஸ்வரன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு திருச்சாந்துருண்டை வாங்கி வந்தார். நான் தடுக்கவில்லை. பேத்திக்காக அவரும் ஏதாவது செய்ய வேண்டும் அல்லவா. மாத்திரையும் சாப்பாடும் அது பாட்டுக்கு நடந்தது.

19 அக்டோபர்

அறுத்த நெல் மழையில் நனைந்து முளை விட்டுக் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் கொள்முதல் நிலையத்திலேயே படுத்துக்கொள்கிறார். இந்த மாதிரி நாட்களில்தான் சாப்பாட்டு நேரம் சிதறும். எங்கள் வீட்டிலும் சிதறியது. பக்கத்தில் உட்கார ஆள் மாற்றி மாற்றிப் போட்டு வைத்திருங்கள், ஒரே ஆள் சுமந்தால் முடியாது.

மன்னார்குடித் தம்பியின் கேள்வி: கபடி விளையாடும் பையன்களுக்கும் இது வருமா? வரும். எடைப் பிரிவு ஆட்டத்துக்காகப் பட்டினி, வியர்க்க வியர்க்க ஓட்டம் என்று ஆரம்பிப்பது ஆட்டம் முடிந்த பிறகும் விடாமல் போனால் கவனியுங்கள். பையன்களை யாரும் சந்தேகிப்பதில்லை, டாக்டரும் கேட்பதில்லை. மாதவிலக்கு நிற்பதை அடையாளமாக வைத்திருந்த அமெரிக்க மனநல வரையறையிலிருந்து 2013இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆண்களும் உள்ளே வர வழி கிடைத்தது.

16 நவம்பர்

இன்று உங்களுக்காக இல்லை, என்னைப் போன்றவர்களுக்காக.

இரண்டாவது மகள் ஒரு நாள், 'நானும் சாப்பிடாம இருந்தா என் பக்கத்துல உட்காருவியா' என்று கேட்டாள். பதினோரு வயது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அவளுக்கென்று ஒரு நேரம் ஒதுக்கினேன். சைக்கிளில் ஆற்றுப் பாலம் வரை, அவளும் நானும் மட்டும். அந்த நேரத்தில் அக்காவைப் பற்றிப் பேசுவதில்லை. நோயாளியைக் கவனிக்கும் வீட்டில் நோயில்லாத பிள்ளை அமைதியாகவே வளர்ந்துவிடும், அதை நல்ல குணம் என்று எண்ணிவிடாதீர்கள்.

அடுத்தது நம் தூக்கம். நம் கோபம். எனக்கு அவள் மேல் கோபம் வந்திருக்கிறது. வந்தால் கணவரை உட்கார வைத்துவிட்டுக் கொல்லையில் போய் நின்றேன். பேச ஆள் இல்லாதவர்கள் 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்று ஒன்றிய அரசு 2022 அக்டோபர் 10ஆம் தேதி ஆரம்பித்தது, கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். நோயாளி மட்டும்தான் பேச வேண்டும் என்று இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள் மனநோய் என்றதும் மறுத்தால் விடாதீர்கள், உடல் நோய்க்கு எப்படியோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் சொல்கிறது.

எத்தனை நாளில் சரியாகும் என்று கேட்பவர்களுக்கு: மாதங்கள் இல்லை, வருடங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை ஏறிய பிறகும் பயம் நெடுநாள் இருக்கும். அந்த இடத்தில்தான் பலர் மருத்துவரிடம் போவதை நிறுத்துகிறார்கள். பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள், சீக்கிரம் ஆரம்பித்தால் இன்னும் நன்றாக.

11 ஜனவரி 2026

ஒரத்தநாட்டுத் தம்பி, செய்தி பார்த்தேன். தங்கை கல்லூரியில் சேர்ந்தது, பஸ்ஸில் போய் வருவது, உங்கள் அப்பாவே மதியச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பது. எத்தனை சந்தோஷம் என்று எழுதத் தெரியவில்லை. அப்பாவுக்கு என் வணக்கம்.

பொங்கல் கழித்து விடுதியில் சேர வேண்டும் என்கிறாள், விடலாமா என்கிறீர்கள். அவளுக்கு ஆசை இருப்பது நல்ல அறிகுறி. ஆனால் வீட்டில் உங்கள் யாருடைய துணையும் இல்லாமல் ஒரு வேளை, அப்புறம் ஒரு நாள், அப்புறம் ஒரு வாரம் அவளே பரிமாறிச் சாப்பிட்டு, எடை நிற்கிறதா என்று டாக்டர் பார்க்கட்டும். அதற்கு அவசரம் வேண்டாம், அடுத்த செமஸ்டர் எங்கேயும் ஓடிவிடாது. சேர்க்கும் முன் அவளையும் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள்: பதினைந்து நாளுக்கு ஒரு முறை எடையும் நாடியும் எங்கே, யார் பார்ப்பது, மெஸ்ஸில் யாரோடு உட்காருவது, எந்த அளவுக்கு இறங்கினால் கேள்வி கேட்காமல் வீட்டுக்கு வருவது. அந்த அளவை டாக்டர் குறிக்கட்டும். காப்பாளருக்கு என்ன சொல்வது என்பதை அவளே எழுதட்டும். என் மகள் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அவள் அனுமதித்தாள், பெயரை எடுத்துவிட்டு உங்களுக்குத் தனியாக அனுப்புகிறேன். அப்படியே எடுத்து எழுத வேண்டாம், உங்கள் தங்கை அவள் வார்த்தையில் எழுதட்டும்.